3,40,000 கிலோமீட்டர் ஓடிய ஜீப்: இன்ஜினை மாற்றுவதா, வண்டியையே மாற்றுவதா?

கீழ்ப் பழனி மலைப் பகுதியில் காப்பியும் மிளகும் பயிரிடும் 54 வயது வாசகர் ஒருவர் விரிவான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரையும் ஊரையும் தவிர்த்து அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தந்தை 2009-இல் புதிதாக வாங்கிய மஹிந்திரா ஜீப், நான்கு சக்கர இயக்கம் உள்ளது, 2523 சிசி டீசல் இன்ஜின். மீட்டர் 3,40,000 கிலோமீட்டர் காட்டுகிறது. மீட்டர் கேபிள் அறுந்து கொஞ்ச காலம் ஓடியதால் உண்மையில் இன்னும் கூடுதலாக ஓடியிருக்கும் என்கிறார். தோட்டத்துக்குப் போகும் கடைசி நான்கு கிலோமீட்டர் மண் பாதை, நடுவில் ஓர் ஓடை. சாதாரணக் கார் அங்கே ஏறாது. காலையில் ஏழெட்டுத் தொழிலாளர்களை ஏற்றிப் போவதும் பருவத்தில் மூட்டைகளை இறக்குவதும் இந்த ஜீப்தான்.

ஓராண்டாகக் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வருகிறது, ஐந்து நிமிடத்தில் நின்றுவிடுகிறது. 1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. ஏற்றத்தில் இழுவை போதவில்லை. 'போர் (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) போய்விட்டது, முழு இன்ஜின் வேலை' என்று ஒரு மெக்கானிக் 1,35,000 ரூபாய் கேட்டிருக்கிறார். இன்னொருவர் பழைய உதிரிப்பாகச் சந்தையான சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய இன்ஜின் ஒன்றை வரவழைத்து 60,000 ரூபாய்க்குள் மாட்டித் தருவதாகச் சொல்கிறார். சென்ற ஆண்டு ஒரு பட்டறையில் கிளட்ச்சும் ஹெட்டும் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதி) வேலை செய்ய 48,000 ரூபாய் கொடுத்தார். ரசீது இல்லை. மூன்று மாதத்தில் பழைய தொல்லையே திரும்பிவிட்டது.

கடிதத்தின் நடுவே, அவ்வளவாகப் பொருட்படுத்தாமல் வேறு சில வரிகளும் எழுதியிருக்கிறார். மலை இறங்கும்போது சில சமயம் பிரேக் பெடல் தரைவரை போய்விடுகிறது. மணிக்கு 55 கிலோமீட்டரைத் தாண்டினால் முன்பக்கம் உதறுகிறது. மழைக்காலம் முழுக்க முன்சக்கர லீவரை (முன்சக்கரங்களையும் இழுக்க வைப்பது) போட்டபடியே, தார்ச்சாலையிலும் ஓட்டுகிறார். வளைவுகளில் ஸ்டீயரிங் இறுகி, அடியில் 'டக் டக்' என்று சத்தம் கேட்கிறது. முன்னால் மட்டும் இரண்டு புது டயர் போட்டிருக்கிறார். டீசலை மிச்சம் பிடிக்க இறக்கங்களில் நியூட்ரலில் விடுவது வழக்கம். தந்தை மூன்று ஆண்டுகளுக்கு முன் காலமானார். ஆர்.சி. (பதிவுச் சான்றிதழ்) இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது, பதினைந்து ஆண்டுப் பதிவுக் காலமும் முடிந்துவிட்டது. சென்னையில் இருக்கும் மகன், 'பதினைந்து வருடம் ஆன டீசல் வண்டியை இனி ஓட்டவே கூடாது, எடைக்குப் போட்டுவிட்டுப் புது வண்டி வாங்குங்கள்' என்கிறார். 'அப்பா வாங்கிய வண்டி, விட மனம் வரவில்லை. இன்ஜினுக்கு எந்த வழி நல்லது?' என்பது அவர் கேள்வி.

ஐயா, நீங்கள் கேட்டிருப்பது இன்ஜினைப் பற்றி. நான் முதலில் பதில் சொல்ல வேண்டியது, போகிற போக்கில் எழுதிய அந்த வரிகளுக்கு. புகைவிடும் இன்ஜின் அதிகபட்சம் உங்களை வழியில் நிறுத்திவிடும். தரைவரை போகும் பெடலும் உதறும் முன்சக்கரமும் நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவிடாது. 1,35,000 ரூபாயை இன்ஜினில் கொட்டிவிட்டு இதே பிரேக்கோடு மலை இறங்கினால், இழுவை கூடிய ஆபத்தான வண்டி ஒன்றுதான் உங்களிடம் இருக்கும். வயதான வண்டிக்குச் செலவழிக்க ஒரு வரிசை உண்டு: முதலில் நிறுத்துவது, அடுத்து திருப்புவது, பிறகு சுமப்பது, அதாவது சேஸ் என்னும் அடிச்சட்டம். கடைசியில்தான் ஓட்டுவது. பட்டறைகளில் பெரும்பாலும் இந்த வரிசை தலைகீழாகிவிடுகிறது, ஏனென்றால் இன்ஜின் கோளாறு காதுக்குக் கேட்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது.

பிரேக் வேலை முடியும்வரை தொழிலாளர்களை இந்த ஜீப்பில் ஏற்றாதீர்கள். சில வாரங்களுக்கு வேறு ஜீப்பை வாடகைக்குப் பேசிக்கொள்ளுங்கள். இந்த ஒன்றை மட்டும் நீங்கள் தள்ளிப்போடக் கூடாது.

இறக்கமும் பிரேக்கும்

பெடல் இறங்குவதற்குக் காரணம் ஒன்றாக இருக்காது. வீட்டு வாசலிலேயே பிரித்துப் பார்க்கலாம். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, இன்ஜினை ஓடவிட்டு, பெடலை ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கால் மெதுவாகக் கீழே போய்க்கொண்டே இருந்து, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு குறையாமல் இருந்தால் மாஸ்டர் சிலிண்டரின் (பெடலின் அழுத்தத்தைப் பிரேக் ஆயிலுக்குத் தரும் பாகம்) உள் ரப்பர்கள் தேய்ந்துவிட்டன என்று பொருள். அளவு குறைந்தால் வெளியே எங்கோ கசிவு இருக்கிறது: சக்கரத்தில் இருக்கும் வீல் சிலிண்டர், இரும்புக் குழாய் அல்லது ரப்பர் ஹோஸ். இரும்புக் குழாய் சேஸோடு கிளிப் போட்டிருக்கும் இடத்தில்தான் சேறு தங்கி முதலில் துருப்பிடிக்கும். கிளிப்பைக் கழற்றிப் பார்க்காமல் 'குழாய் நன்றாக இருக்கிறது' என்று யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

வாசலில் நன்றாக நிற்கும் பெடல் நீண்ட இறக்கத்தில் மட்டும் இறங்குகிறதா? அப்படியானால் பெரும்பாலும் பிரேக் ஆயில் கொதிக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. டாட் 3 என்ற தரத்தில் உள்ள புது ஆயிலின் கொதிநிலை குறைந்தது 205 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறியபின் அது 140 வரை இறங்கலாம். டாட் 4 ஆயிலுக்கு இந்த அளவுகள் 230, 155. இறக்கத்தில் டிரம்மும் (சக்கரத்தோடு சுழலும் உருளை) லைனரும் (அதை உரசி நிறுத்தும் பட்டை) சூடேறி, வீல் சிலிண்டருக்குள் ஆயில் கொதித்து நீராவிக் குமிழ்கள் உண்டானால், நீங்கள் அழுத்துவது குமிழைத்தான், லைனரை அல்ல. அடிவாரத்தில் ஆறிய பிறகு பெடல் பழையபடி நிற்பதால் எல்லாம் சரியாகிவிட்டதாகத் தோன்றும். மலையில் ஓடும் வண்டிக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் ஆயிலை முழுவதுமாக மாற்றியே ஆக வேண்டும். மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்புவது மாற்றுவது ஆகாது.

பின் டிரம்மைத் திறக்கும்போது லைனர் நனைந்திருந்தால் தொட்டு முகர்ந்து பாருங்கள். கெட்டியாக, மூக்கைச் சுளிக்க வைக்கும் கந்தக வாடையோடு இருந்தால் அது ஆக்ஸில் சீலை (எண்ணெய் கசியாமல் தடுக்கும் வளையம்) தாண்டி வந்த கியர் ஆயில். நனைந்த லைனரைப் பெட்ரோலில் கழுவி மாட்டுவது பல பட்டறைகளில் வழக்கம். அதற்குச் சம்மதிக்காதீர்கள், சூடேறினால் உள்ளே ஊறிய எண்ணெய் மீண்டும் மேலே வரும். இருபக்கமும் புது லைனர், புது சீல்.

நியூட்ரல் விஷயத்தில் நீங்கள் நம்புவது தவறு, டீசல் கணக்கிலும் தவறு. கியரில் இருந்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது, சக்கரங்கள் இன்ஜினைச் சுழற்றுகின்றன. டீசல் பம்பின் கவர்னர் (டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) டீசலை நிறுத்திவிடுகிறது. நியூட்ரலில் இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்தே ஆக வேண்டும். ஆக, நியூட்ரலில் நீங்கள் மிச்சம் பிடிப்பது ஒன்றுமில்லை. இழப்பதோ இன்ஜின் தரும் முழுப் பிடிமானத்தையும். அந்தப் பாரம் எல்லாம் லைனர் மேல் விழுகிறது, சூடேறுகிறது, ஆயில் கொதிக்கிறது. உங்கள் பெடல் கோளாறில் பாதி இந்தப் பழக்கத்தால் வந்தது என்றே நினைக்கிறேன். எந்த கியரில் ஏறுகிறீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மண் பாதையின் செங்குத்தான துண்டில் லோ கியரைப் போட்டு, பிரேக்கை அவ்வப்போது தொட்டாலே போதும்.

முன்சக்கர லீவர்: எப்போது போடுவது, எப்போது எடுப்பது

மழையில் நான்கு சக்கரமும் இழுத்தால் பாதுகாப்பு என்று நினைத்துத்தான் லீவரை எடுக்காமல் ஓட்டுகிறீர்கள். உங்கள் ஜீப்பின் அமைப்பு அதற்கு ஏற்றதல்ல. லீவரைப் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன்னும் பின்னும் பிரித்துத் தரும் பெட்டி) முன் ஜாயிண்ட் ராடையும் பின் ஜாயிண்ட் ராடையும் (இழுவையை ஆக்ஸிலுக்குக் கொண்டுபோகும் தண்டுகள்) இறுகப் பூட்டிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே வித்தியாசத்தை விட்டுக்கொடுக்க எந்த அமைப்பும் இல்லை. வளைவில் முன்சக்கரங்கள் பின்சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓடுகின்றன. சேற்றில் ஏதாவது ஒரு சக்கரம் கொஞ்சம் வழுக்கி அந்த வித்தியாசத்தைக் கழித்துவிடும். தார்ச்சாலை பிடித்துக்கொள்வதால் கழிய வழியில்லை. ராடு முறுகுகிறது, ராடின் மூட்டில் உள்ள கிராஸ் பேரிங் நொறுங்குகிறது, ஆக்ஸிலுக்குள் இருக்கும் கிரவுன் பினியன் பல்லில் சுமை ஏறுகிறது. நீங்கள் கேட்கும் 'டக் டக்', இறுகும் ஸ்டீயரிங், லீவர் எடுக்க வராமல் அடம்பிடிப்பது எல்லாம் இதுதான். லீவர் சிக்கிக்கொண்டால் நேராகச் சில அடி பின்னோக்கி ஓட்டுங்கள், முறுக்கு விட்டுவிடும்.

முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்பது இந்த முறுக்கை நேர்ச்சாலையிலும் உண்டாக்குகிறது. புது டயரின் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் கட்டி) உயரம் 8 மில்லிமீட்டர், பழையது 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரத்தில் 5 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஒரு சுற்றுக்கு 31 மில்லிமீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 13 மீட்டர். லீவர் போட்டிருக்கும் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் முன் ஆக்ஸிலும் பின் ஆக்ஸிலும் அந்த 13 மீட்டருக்காக மல்லுக்கட்டுகின்றன. ஏற்றத்தில் இழுவை குறைந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், இதற்கு இன்ஜினைக் குற்றம் சொல்லக் கூடாது. நான்கு டயரையும் ஒரே அளவு, ஒரே தேய்மானத்துக்குக் கொண்டுவாருங்கள். அதன் பிறகும் மண் பாதையில் மட்டும் லீவரைப் போடுங்கள்.

பல காலம் இப்படி ஓடியிருப்பதால் சேதம் எவ்வளவு என்று பார்த்துவிட வேண்டும். வண்டியின் அடியில் போய் கிராஸ் பேரிங் ஒவ்வொன்றையும் உற்றுப் பாருங்கள். மூடியைச் சுற்றிச் செம்பழுப்பு நிறத்தில் பொடி படிந்திருந்தால் உள்ளே கிரீஸ் வற்றி ஊசிகள் துருவாகிவிட்டன. கையால் ராடைப் பிடித்து இருபுறமும் முறுக்கும்போது ஆட்டம் தெரிந்தால் மாற்றுங்கள். கழற்றும் முன் ராடின் இரு பாதிகளிலும் நேர்க்கோடாகக் குறி போடச் சொல்லுங்கள். குறி தப்பி மாட்டினால் புது பேரிங் போட்டும் அதிர்வு நிற்காது.

அடுத்து எண்ணெய். டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் ஹவுசிங், பின் ஹவுசிங் (ஆக்ஸில் கூடுகள்) மூன்றையும் வடித்து வெள்ளைத் தட்டில் பிடியுங்கள். பால் கலந்தாற்போல் இருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ஓடைதான் காரணம். ஆனால் சீலை மட்டும் மாற்றினால் தீராது. ஒவ்வொரு ஹவுசிங்கின் மேலும் காற்றுப் போக ஒரு சிறு பிரீதர் இருக்கும். அது சேறடைத்துக் கிடந்தால், ஓடிச் சூடான ஹவுசிங் ஓடையில் இறங்கியதும் சட்டென்று குளிர்ந்து, உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்து, ஒரு ரப்பர் குழாயை மாட்டி உயரே கொண்டுபோய்க் கட்டுங்கள். சொற்பச் செலவு, கிரவுன் பினியனைக் காப்பாற்றும். வடித்த எண்ணெயில் மாவு போன்ற சாம்பல் படிவு இருந்தால் பயமில்லை. விரலில் குத்தும் அளவுக்குச் செதில் வந்தால் ஹவுசிங்கைத் திறந்தே ஆக வேண்டும். கியர் பாக்ஸுக்கும் ஹவுசிங்குக்கும் ஒரே எண்ணெயை ஊற்ற விடாதீர்கள். கையேட்டில் உள்ள தரம் எதுவோ அதுதான்.

உதறலுக்கு வருவோம். 55-இல் தொடங்கும் உதறல் கிங்பின் பேரிங், டை ராடு எண்ட், ஹப் பேரிங், ஸ்பிரிங் புஷ் ஆகிய முன்பக்க மூட்டுப் பாகங்களில் ஏதோ ஒன்றில், பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்டவற்றில், ஆட்டம் இருப்பதைக் காட்டுகிறது. முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டினாலே பாதி விடை கிடைத்துவிடும். புது ஸ்டீயரிங் டேம்பர் மாட்டினால் போதும் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். டேம்பர் உதறலை மறைக்கும், ஆட்டம் அப்படியே இருக்கும்.

இன்ஜினைத் திறப்பதற்கு முன்

போர் போய்விட்டது என்று சொன்னவர் எதை அளந்தார்? உங்கள் கடிதத்தில் அளவு ஒன்றுகூட இல்லை. புகையைப் பார்த்து மட்டும் சொல்லியிருக்கிறார் போலிருக்கிறது. நீங்கள் விவரிக்கும் புகை, இரவு முழுக்க நின்ற வண்டியில் காலையில் மட்டும் வந்து ஐந்து நிமிடத்தில் நின்றுவிடும் புகை, ஹெட்டில் உள்ள வால்வ் கைடையும் (வால்வ் ஏறி இறங்கும் குழல்) வால்வ் சீலையும் சந்தேகிக்க வைக்கிறது. பிஸ்டன் ரிங்கும் போரும் தேய்ந்திருந்தால் பெரும்பாலும் ஏற்றத்தில் பாரத்தோடு இழுக்கும்போதும் நீலம் தொடரும். சென்ற ஆண்டு ஹெட் வேலை செய்தவர் கைடை மாற்றாமல் வால்வை மட்டும் தேய்த்து மாட்டியிருந்தால் மூன்று மாதத்தில் பழையபடி ஆனதற்கும் விளக்கம் கிடைக்கிறது. இது என் ஊகம்தான், ஊகத்தின் மேல் யாரும் பணம் போடக் கூடாது. அதனால் அளக்கச் சொல்கிறேன்.

நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன் (உள்ளே காற்று அழுத்தப்படும் அளவு) பாருங்கள். மொத்த அளவைவிட, நான்குக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்பதுதான் முக்கியம். ஒன்று மட்டும் தாழ்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரில் காற்றழுத்தம் கொடுத்துக் கேளுங்கள். ஆயில் ஊற்றும் வாயில் சீறினால் ரிங். சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட் வால்வ். ஏர் ஃபில்டர் பக்கம் சீறினால் இன்லெட் வால்வ். ரேடியேட்டரில் குமிழ் வந்தால் கேஸ்கெட் அல்லது விரிசல். இந்தச் சோதனைக்கு ஆகும் செலவு, இன்ஜினைப் பிரித்து மாட்டும் கூலிக்கு முன் ஒன்றுமே இல்லை.

1,500 கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் என்பது இந்த வயது இன்ஜினில் அபாய அளவு இல்லை. அதில் எவ்வளவு எரிகிறது, எவ்வளவு ஒழுகுகிறது என்றும் பாருங்கள். இரவில் வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வையுங்கள், காலையில் சொட்டு எந்த இடத்தில் என்று தெரியும். பின் ஆயில் சீல் ஒழுகி கிளட்ச் நனைந்திருந்தால், இழுவைக் குறைவுக்கும் சென்ற ஆண்டு போட்ட கிளட்ச் தோற்றதற்கும் காரணம் அதுவே. ஏர் ஃபில்டர், டீசல் ஃபில்டர், வால்வ் இடைவெளி, டீசல் தெளிக்கும் நாசில் இவற்றைச் சரிபார்க்காமல் இழுவை இல்லை என்று இன்ஜினைத் திறக்க விடாதீர்கள்.

இன்னொன்று, தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூட்டைச் சீராக வைக்கும் வால்வ்) இருக்கிறதா என்று பாருங்கள். சூடு ஏறாமல் இருக்க அதைக் கழற்றி எறிவது மலைப் பகுதிப் பட்டறைகளில் சாதாரணம். குளிர்ந்த மலைக் காற்றில் இன்ஜின் உரிய வெப்பத்துக்கு வராமலே ஓடினால் டீசல் சரியாக எரியாது, காலைப் புகை நீளும், தேய்மானமும் கூடும். புதிது வாங்கி மாட்டுங்கள். ரேடியேட்டரில் ஓடைத் தண்ணீருக்குப் பதில் கூலண்ட்.

அளவுகள் ரிங்கையும் போரையும் காட்டினால் இன்ஜின் வேலை செய்யத்தான் வேண்டும். அப்போதும் புதுப்பேட்டை இன்ஜினைவிட உங்கள் இன்ஜினைச் சரிசெய்வதே நல்லது. இந்த இன்ஜினில் கணினி இல்லை, தேய்ந்த போருக்குள் ஸ்லீவ் (புது உறை) போடலாம், கிராங்க் (இன்ஜினின் சுழல் தண்டு) தேய்த்து அதற்கேற்ற அண்டர்சைஸ் பேரிங் போடலாம், உதிரிப்பாகங்கள் தாராளமாகக் கிடைக்கின்றன. வருகிற பழைய இன்ஜின் எத்தனை லட்சம் ஓடியது, எந்த விபத்தில் சிக்கியது என்று யாருக்கும் தெரியாது. சட்டச் சிக்கலும் உண்டு. ஆர்.சி.யில் இன்ஜின் எண் இருக்கிறது. இன்ஜினை மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவின்படி 14 நாட்களுக்குள் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். வாங்கியதற்கான ரசீதும் பழைய வண்டியின் ஆவணமும் இல்லாத இன்ஜினைப் பதிய முடியாது. அது திருட்டு வண்டியுடையதாக இருந்துவிட்டால் காவல் நிலையத்தில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

எந்தப் பட்டறைக்குப் போனாலும் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டுப் பெறுங்கள். லேத்தில் அளந்த போர் அளவு, கிராங்க் அளவு தாளில் வரட்டும். ரசீதும் உத்தரவாதமும் அதில் இருக்கட்டும். சென்ற ஆண்டின் 48,000 ரூபாய்க்கு ரசீது இல்லாவிட்டாலும் வழி அடைத்துப்போய்விடவில்லை. வங்கிக் கணக்கிலோ செல்பேசி வழியாகவோ பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவும், குறுஞ்செய்திகளும் சான்றாகும். சேவைக் குறைபாட்டுக்கு இரண்டு ஆண்டுக்குள், நீங்கள் வசிக்கும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள். பட்டறைக்காரர் சமாதானத்துக்கு வந்தால் ஹெட் வேலையை மீண்டும் செய்து தரச் சொல்வதே உங்களுக்கு லாபம்.

ஆர்.சி.யும் காப்பீடும்

மகன் சொல்வது டெல்லிக்குப் பொருந்தும். டெல்லியிலும் அதைச் சுற்றிய தலைநகர்ப் பகுதியிலும் பத்து ஆண்டைக் கடந்த டீசல் வாகனங்களுக்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை விதித்தது, 2018-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. தமிழ்நாட்டில் அப்படித் தடை இல்லை. இங்கே தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும். பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் பார்த்துத் தகுதி என்றால் ஐந்து ஆண்டுக்குப் புதுப்பித்துத் தருவார்கள்.

அதே சமயம், 'ஓட்டலாம்' என்பதற்கும் 'இப்படியே ஓட்டலாம்' என்பதற்கும் வேறுபாடு உண்டு. உங்கள் பதிவு காலாவதியாகிவிட்டது. பதிவில்லாத வாகனத்தை ஓட்டினால் முதல் தடவை 5,000 ரூபாய் வரை அபராதம். காப்பீடு அதைவிடப் பெரிய கவலை. தற்காலிகப் பதிவு முடிந்த வாகனங்கள் சம்பந்தப்பட்ட வழக்குகளில், 2014-இலும் 2021-இலும், காப்பீட்டு நிறுவனம் இழப்பீடு மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. காப்பீடு உங்கள் தந்தை பெயரிலேயே தொடர்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம். காப்பீடு எடுத்தவர் இறந்தால் அந்தப் பத்திரம் மூன்று மாதமோ அதன் காலம் முடியும்வரையோ, எது முந்தையதோ அதுவரைதான் செல்லும்.

வண்டியை உங்களுடையதாகவே கருதுகிறீர்கள். சட்டப்படி அது தந்தையின் எல்லா வாரிசுகளுக்கும் உரியது. இறப்பு நடந்த 30 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தகவல் தந்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றக் கேட்டிருக்க வேண்டும். தாமதமாகிவிட்டது, ஆனால் செய்ய முடியாததாகிவிடவில்லை. இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் உடன்பிறந்தவர்களும் தரும் ஆட்சேபணை இல்லாக் கடிதம் இவற்றோடு விண்ணப்பியுங்கள். கூடவே படிவம் 25-இல் பதிவுப் புதுப்பிப்பும். 2022 ஏப்ரல் முதல் கார், ஜீப் போன்ற இலகுரக வாகனத்துக்கு இந்தக் கட்டணம் 5,000 ரூபாய், தாமதமான ஒவ்வொரு மாதத்துக்கும் 500 ரூபாய் கூடுதல். பசுமை வரி தனி. 20 ஆண்டைத் தாண்டிய வண்டிக்கு 2025-இல் கட்டணத்தை 10,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள், 2029-இல் உங்களுக்கு அது வரும்.

தொழிலாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. வெறும் மூன்றாம் நபர் காப்பீடு, தனியார் வண்டிக்குள் பயணிப்பவர்களுக்குப் பொதுவாகப் பாதுகாப்புத் தராது. விபத்து நடந்தால் இழப்பீட்டுச் சுமை உங்கள் தலையில் விழும். முழுக் காப்பீடு எடுக்கும்போது, தோட்டத் தொழிலாளர்கள் பயணிப்பார்கள் என்பதை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அவர்களுக்கான பாதுகாப்பையும் பத்திரத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். ஆர்.சி.யில் எத்தனை இருக்கையோ அத்தனை பேர்தான். சம்பளத்தில் வண்டிக் கூலி என்று ஒரு ரூபாய் பிடித்தாலும் அது வாடகைக்கு ஓட்டியதாகிவிடும். பழைய வண்டிக்கு முழுக் காப்பீடு வீண் என்று சிலர் சொல்வார்கள். பத்து ஆண்டைக் கடந்த வண்டியில் இரும்புப் பாகங்களுக்குப் பாதி விலை கழிக்கப்படும் என்பது உண்மைதான். நீங்கள் அதை எடுப்பது வண்டிக்காக இல்லை, உள்ளே இருக்கும் மனிதர்களுக்காக.

வைத்துக்கொள்வதா, விடுவதா

அதைச் சேஸ் முடிவு செய்யட்டும். நல்ல வெளிச்சத்தில், அடியைக் கழுவிக் காயவைத்த பிறகு, ஒரு சிறு சுத்தியலால் சேஸின் இரு கட்டைகளையும் முன்னிருந்து பின்வரை தட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். உள்ளே துருவேறி மெலிந்த இடம் மந்தமாகக் கேட்கும். ஸ்பிரிங் பட்டை தொங்கும் இடங்களையும் ஸ்டீயரிங் பாக்ஸ் பூட்டியிருக்கும் இடத்தையும் மறக்கக் கூடாது. மயிரிழை போலத் துருக்கோடு ஒன்று பெயின்டுக்கு மேல் தெரிந்தால் அடியில் விரிசல். ஓரிரு இடத்தில் விரிசல் என்றால் அனுபவம் உள்ளவரிடம் முறையாகச் சரிசெய்யலாம். மேலே ஒரு தகட்டை வைத்துச் சுற்றி வெல்டிங் அடித்து விடுவது சரிசெய்வதாகாது, தகட்டின் ஓரத்திலேயே அடுத்த விரிசல் வரும். சேஸ் எண் தெளிவாகத் தெரிகிறதா என்றும் பாருங்கள், ஆய்வாளர் அதைத்தான் முதலில் தேடுவார்.

சேஸ் உறுதியாக இருந்தால் ஜீப்பை வைத்துக்கொள்ளுங்கள். இப்போது பிரேக், அடுத்த மாதம் ஸ்டீயரிங்கும் கிராஸ் பேரிங்கும் எண்ணெய்களும், பிறகு பின்னாலும் இரண்டு டயர், அதன்பின் அளவுகளைப் பார்த்து ஹெட்டோ சீலோ. இப்படிப் பிரித்துச் செய்தால் அந்த மெக்கானிக் கேட்ட 1,35,000 ரூபாய்க்குள்ளேயே பிரேக்கும் ஸ்டீயரிங்கும் நம்பத் தகுந்த வண்டி கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. மகன் சொல்லும் புது நான்கு சக்கர வண்டி பாதுகாப்பில் எவ்வளவோ மேல், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் தினம் ஓடையில் இறங்கி மூட்டை சுமக்கும் வேலைக்குப் பல லட்சம் கடன் வாங்கிப் புது வண்டி எடுப்பதை, காப்பி, மிளகு விலைகளை நம்பி இருக்கும் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். குடும்பத்தோடு வெளியூர் போக மகன் வேறு வண்டி வாங்கட்டும். ஜீப்பைத் தோட்டத்துக்கு என்று ஒதுக்கிவிடுங்கள்.

சேஸ் பல இடங்களில் அரித்துப்போயிருந்தால், தந்தையின் நினைவுக்காகக்கூட அதைச் சாலையில் ஓட்டாதீர்கள். அந்த நிலையில் இன்ஜினுக்கு ஒரு ரூபாயும் போடக் கூடாது. எடைக்கடையில் போடாமல், அரசில் பதிவுபெற்ற வாகன அழிப்பு மையத்தில் ஒப்படைத்து, வைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். அதைக் காட்டிப் புது வண்டி வாங்கும்போது தனியார் வாகனத்துக்கு 25 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை தர 2021 விதிகளில் இடம் இருக்கிறது. அதற்கும் ஆர்.சி. உங்கள் பெயரில் இருந்தால் எளிது. ஆகவே வண்டி பட்டறையில் இருக்கும் நாட்களிலேயே வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போட்டுவிடுங்கள். கம்ப்ரஷன் அளவுகளும் சேஸ் படங்களும் கிடைத்ததும் எனக்கு அனுப்புங்கள், ஹெட்டா ரிங்கா என்பதை அவற்றை வைத்துச் சொல்கிறேன்.